காசிக்கு அம்மாவை கூட்டிட்டு போறது: பேக்கேஜா, தனியாவா?

கேள்வி, 2 நவம்பர்

அப்பா தவறி வர்ற தை மாசத்தோட ஒரு வருஷம் முடியுது. அம்மாவுக்கு 68. காசிக்கு போகணும்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க. டிராவல்ஸ்ல காசி, அலகாபாத், கயா, அயோத்தி நாலும் சேத்து அஞ்சு நாள் பேக்கேஜ் சொல்றாங்க. எடுக்கலாமா, இல்ல நானே கூட்டிட்டு போகவா? எனக்கு ஹிந்தி சுத்தமா வராது. கூட வேலை பாக்குறவன் ஒருத்தன் காசில ஒரு நாளுக்கு மேல ஒண்ணும் இல்ல, ஒரே அழுக்குன்னு சொல்றான். போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

3 நவம்பர், காலை

எடுக்காதீங்க.

அலகாபாத் (இப்ப பிரயாக்ராஜ்) காசில இருந்து 120 கிலோமீட்டருக்கு மேல, அயோத்தி 200 சொச்சம், கயா 250 கிட்ட, அதுவும் மூணும் வேற வேற திசை. அஞ்சு நாள்ல நாலு ஊர்னா உங்கம்மா பாக்கப்போறது பஸ்ஸோட முன் சீட்டு முதுகத்தான். நாங்க போனப்ப பக்கத்து லாட்ஜ்ல ஒரு தமிழ் குரூப் இறங்கினாங்க, ராத்திரி பதினொண்ணுக்கு வந்தாங்க, மூணு மணிக்கு எழுப்பி தரிசனத்துக்கு இழுத்துட்டு போய்ட்டு பத்து மணிக்கெல்லாம் பஸ் ஏத்திட்டாங்க, அதுல ஒரு பாட்டி என் அத்தைகிட்ட "ஏம்மா, கங்கை எந்தப் பக்கம் இருக்கு"ன்னு கேட்டாங்க. மீதி ராத்திரி எழுதுறேன்.

3 நவம்பர், ராத்திரி

நான் தென்காசிப் பக்கம். அம்மாவையும் அத்தையவும் (அப்பாவோட அக்கா) கூட்டிட்டு போனேன். ஊர்ல இருந்து கிளம்புறப்பவே எங்க மாமா "ஏட்டி, காசிக்கு போக முடியாதவனுக்குன்னுதான பாண்டிய ராசா இங்கனயே கோயில் கட்டி வச்சிருக்கான், எதுக்கு அவ்வளவு தூரம்"னு கிண்டல் பண்ணாரு. அந்தக் கதை எங்க ஊர்ல எல்லாருக்கும் மனப்பாடம், பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டு. அத்தை விடல. "தெக்க இருக்கது பாத்தாச்சு, வடக்க இருக்கதயும் பாத்துருவோம்"னாங்க.

தங்குற இடம்தான் முக்கியம், இதுல தப்பிச்சா பாதி வேலை முடிஞ்சது. ஸ்டேஷன் பக்கம் ரூம் போடாதீங்க, ஊருக்கும் ஆத்துக்கும் அங்க இருந்து தினம் ஆட்டோல மல்லுக்கட்டணும். அனுமான் காட்டுக்கும் கேதார் காட்டுக்கும் (காட்னா படித்துறை) நடுவுல எங்கயாவது தங்குங்க. ஆத்தங்கரைல நடந்தா கொஞ்ச தூரம்தான், ஆனா அந்த துண்டுல நம்மாளுங்க நூத்துக்கணக்கான வருஷமா இருக்காங்க. காஞ்சி மடம் இருக்கு, திதி செஞ்சு வைக்கிற தமிழ் வாத்தியார்கள் இருக்காங்க, கேதாரேஸ்வரர் கோயில், அதை நிர்வாகம் பண்ற குமாரசாமி மடம். காலைல இட்லியும் காப்பியும் கிடைக்குது. காசில காப்பி கிடைக்குதுங்கிற ஒரே விஷயத்துல எங்கம்மாவுக்கு பாதி வடநாட்டு பயம் போயிடுச்சு.

கோதௌலியா முக்குக்கு கிட்டயே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு, 1813ல ஆரம்பிச்சது. ரூமும் சாப்பாடும் உண்டு, முன்கூட்டியே பேசிடணும். அங்க தங்குனா ஒண்ண விடாதீங்க, விஸ்வநாதருக்கு பூஜை சாமான் சத்திரத்துல இருந்து தினம் ஊர்வலமா போகும், "சம்போ, சம்போ மகாதேவா"ன்னு சத்தமா சொல்லிட்டே போவாங்க, அந்த நெருக்கடி சந்துல கூட கூட்டம் ஒதுங்கி வழி விடும். இருநூறு வருஷத்துக்கு மேல ஒரு ஊர்க்காரங்க இன்னொரு ஊர் சாமிக்கு நாள் தவறாம செஞ்சுட்டு வர்றாங்க. சாமிய விட அதைப் பாத்துதான் எனக்கு மெய் சிலிர்த்துச்சு, சொன்னா அத்தை அடிப்பாங்க.

4 நவம்பர்

ஹிந்தி தெரியாதது பெரிய பிரச்னை இல்ல. படகுக்காரன், பூக்காரி, பண்டா (ஆத்தங்கரைப் புரோகிதர்) எல்லாரும் தமிழும் தெலுங்கும் கலந்து "வாம்மா, உக்காரும்மா, நூறு ரூபா"ன்ற அளவுக்கு பேசுவாங்க. ரூபா சொல்ற தமிழ் மட்டும் ரொம்ப சுத்தமா வரும்.

4 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

முதல்ல கேக்க வேண்டியத விட்டுட்டு லாட்ஜ் பத்தி பேசிட்டு இருக்கேன். அப்பாவுக்கு ஏதாவது செய்யப் போறீங்களா, இல்ல அம்மாவுக்கு சாமி காட்டப் போறீங்களா? ரெண்டும்னா ரெண்டுக்கும் தனித்தனி நாள் வைங்க. திதி கொடுக்குற அன்னைக்கு வேற எதுவும் ஓடாது. காலைல சங்கல்பம், கங்கா ஸ்நானம், அப்புறம் படகுல அஸ்ஸி, தசாஸ்வமேத், ஆதி கேசவர், பஞ்சகங்கா, மணிகர்ணிகான்னு அஞ்சு தீர்த்தத்துலயும் நிறுத்தி பிண்டம் போடுவாங்க. மத்தியானம் ஆயிடும். அதுக்கப்புறம் சாரநாத், ஷாப்பிங்னு அம்மாவ இழுத்தா பாவம்.

எங்க வீடு தர்ப்பணம் சிரார்த்தம்னு முறையா செய்ற வீடு இல்ல, ஆடி அமாவாசைக்கு குத்தாலத்துல எள்ளுந்தண்ணியும் விட்டா சரி. கோத்திரம் கேட்டாங்க, அம்மா முழிச்சாங்க, வாத்தியார் அலட்டிக்காம "சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம்"னு சொல்லிட்டு மேல போயிட்டாரு. நம்மள மாதிரி வீட்டுக்காரங்களுக்கெல்லாம் அங்க என்ன மரியாதை இருக்கும்னு எனக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு, அந்த ஆள் பேரைக் கேட்டாரு, ஊரைக் கேட்டாரு, வேற எதுவும் நோண்டல. எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆத்தங்கரைல தானா வந்து கையப் புடிக்கிறவங்க கதை வேற, பேர் சொல்லு நட்சத்திரம் சொல்லுன்னு ஆரம்பிச்சு தண்ணிக்குள்ள நிக்க வச்சிட்டு தொகைய ஏத்துவாங்க. பணத்தை கரையிலயே பேசி முடிங்க, தானம், தட்சணை, படகு எல்லாம் சேத்து எவ்வளவுன்னு.

இன்னொண்ணு, வருஷம் முடியாம கயா சிரார்த்தம் கூடாதுன்னு நிறைய வீட்டுல சொல்வாங்க. டிராவல்ஸ்காரன் இதெல்லாம் சொல்ல மாட்டான். உங்க வீட்டுப் பெரியவங்கள கேட்டுக்கோங்க.

6 நவம்பர்

தை மாசம்னு சொல்லிருந்தீங்க, இப்பதான் கவனிச்சேன். ஜனவரி வேண்டாம். குளிர் ஒரு பக்கம்னா பனிமூட்டம் இன்னொரு பக்கம், எதிர்ல நிக்கிற ஆள் தெரியாது, ரயில் அரை நாள் லேட்டுங்கிறது அங்க சாதாரணம், ஃப்ளைட்டும் கேன்சல் ஆகும். பிப்ரவரி கடைசி, மார்ச் நல்லது, சிவராத்திரிய மட்டும் தவிர்த்துடுங்க. ஏப்ரல் கடைசில இருந்து வெயில் வறுத்துடும். ஆகஸ்ட் செப்டம்பர்ல கங்கை ஏறி படிக்கட்டு மொத்தமும் முங்கிடும், படகு நிறுத்திடுவாங்க, சாயங்கால ஆரத்தியவே மொட்டை மாடில வச்சு எடுப்பாங்க.

அதனால நான் மேல "நடந்தா கொஞ்ச தூரம்தான்"னு சொன்னது தண்ணி இறங்குன மாசங்களுக்குத்தான். தண்ணி நிக்கிறப்ப ஒரு காட்ல இருந்து அடுத்த காட்டுக்கு கரை வழியா போக முடியாது, சந்துக்குள்ள சுத்தித்தான் வரணும்.

குளிருக்கு ஒரே லாபம் "மலையோ"ங்கிற இனிப்பு. பால் நுரைய ராத்திரி பனில வச்சு எடுத்து குங்குமப்பூ போட்டு மண் கப்புல குடுப்பாங்க, வாயில வச்சா காணாம போயிடும். குளிர் மாசத்துல மட்டும்தான் கிடைக்கும். அதுக்காக ஜனவரில போகாதீங்க.

7 நவம்பர்

சொல்லணுமா வேண்டாமான்னு யோசிச்சேன், சொல்லிடறேன். அனுமான் காட்டுக்கும் கேதார் காட்டுக்கும் நடுவுல அரிச்சந்திர காட் இருக்கு. சுடுகாடு. மணிகர்ணிகாதான் பெருசு, ஆனா இதுவும் எரிஞ்சுட்டே இருக்கும், மின் மயானமும் பக்கத்துலயே இருக்கு. கரை வழியா நடந்தா சிதைக்கு பத்தடி தள்ளித்தான் போவீங்க. ஆடு அந்த மாலையத் தின்னுட்டு நிக்கும், பையன் பட்டம் விட்டுட்டு இருப்பான், டீ விக்கிறவன் நடுவுல போவான்.

உங்கம்மாவுக்கு அப்பா போய் ஒரு வருஷம்தான். நம்ம பக்கம் பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போனதில்ல, திடீர்னு கண்ணு முன்னாடி பாத்தா எப்படி எடுத்துப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். தயக்கமா இருந்தா சோனார்புரா ரோடு வழியா கூட்டிட்டு போங்க, அதுவும் கேதார் கோயிலுக்குத்தான் போகும்.

எங்கம்மாவ நான் ரோடு வழியாத்தான் கூட்டிட்டு போனேன். அடுத்த நாள் நான் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள அம்மாவும் அத்தையும் அவங்களாவே கரை வழியா போய்ட்டு வந்துட்டாங்க. "பாத்தியாம்மா?"ன்னு கேட்டேன். "பாத்தோம். எல்லாருக்கும் விறகுதான்"னு சொல்லிட்டு கச்சோரி எங்க நல்லா இருக்கும்னு கேட்டாங்க. நாமதான் அவங்கள ரொம்ப பொத்திப் பொத்தி வைக்கிறோமோன்னு அப்பப்ப தோணுது. ஆனா எங்கப்பா போய் அப்ப பல வருஷம் ஆச்சு, உங்க கதை அப்படி இல்ல, அதனால என் அனுபவத்த வச்சு முடிவு பண்ணாதீங்க.

மணிகர்ணிகால ஒருத்தன் வந்து ஏழைங்களுக்கு விறகு வாங்க காசு குடு, பாட்டியம்மா ஆசீர்வாதம் பண்ணுவாங்கன்னு மேல ஒரு கட்டடத்துக்கு கூட்டிட்டு போவான். போகாதீங்க. போட்டோ எடுக்காதீங்க, எடுத்தா அதவச்சே மிரட்டி காசு பிடுங்குவாங்க, அதவிட அது யாரோ ஒருத்தர் வீட்டு சாவு.

7 நவம்பர், ராத்திரி

காசில கருடன் பறக்காது, பல்லி கத்தாது, மாடு முட்டாது, பூ மணக்காது, பிணம் நாறாதுன்னு ஒரு லிஸ்ட் சொல்வாங்கல்ல, அது உண்மையான்னு ஒருத்தர் கேட்டிருக்கீங்க. எங்க ரூம்ல பல்லி இருந்துச்சு. அத்தை ராத்திரி முழுக்க காத வச்சு கேட்டுட்டு "கத்தல பாத்தியா"ன்னாங்க. டிசம்பர் குளிர்ல நானே வாயத் திறக்கல, பல்லி எங்க கத்தும். மாடு முட்டாதுங்கிறத மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. சந்து ரெண்டு ஆள் அகலம், எதிர்ல காளை வந்தா ஏதாவது கடைப் படில ஏறிடுங்க.

9 நவம்பர்

விஸ்வநாதர் கோயில் பத்தி. போன், பை, பேனா எதுவும் உள்ள விடமாட்டாங்க. வாசல் பக்கத்து கடைல லாக்கர் "ஃப்ரீ"ம்பான், பூத்தட்டு வாங்கணும், அதுலதான் லாக்கர் காசு இருக்கு. போன ரூம்லயே வச்சிட்டு போயிடுங்க, திரும்பி வர்றப்ப எந்த வாசல்ல கூடணும்னு மட்டும் அம்மாகிட்ட முன்னாடியே பேசி வைங்க, கூட்டத்துல பிரிஞ்சா போன் பண்ண முடியாது.

நம்ம ஊர் பெரிய கோயில் மாதிரி எதிர்பாத்து போகாதீங்க. இப்ப இருக்குற கோயில் அகல்யாபாய் ஹோல்கர் 1780ல கட்டினது, கோபுரத்துக்கு தங்கம் போட்டது ரஞ்சித் சிங் குடுத்தது. சின்னக் கருவறை, தரை மட்டத்துல வெள்ளித் தொட்டிக்குள்ள சின்ன லிங்கம், மூலையில இருக்கும். அம்மா தூண் தேடிட்டு இருந்தாங்க, அதுக்குள்ள போலீஸ்காரர் நகத்திட்டாரு. "பாத்தனா பாக்கலையான்னே தெரியல"ன்னு வெளிய வந்து அழுதுட்டாங்க. சாயங்காலம் ஏழு மணி வாக்குல சப்தரிஷி ஆரத்தி நடக்கும், அதுக்கு சீட்டு போட்டு போனா உக்காந்து பாக்கலாம். நாங்க திரும்ப அப்படித்தான் போனோம். பேக்கேஜ்ல போயிருந்தா அந்த ரெண்டாவது தடவை கிடைச்சிருக்காது, நான் தனியா போங்கன்னு தலையால அடிச்சிக்கிறதுக்கு பெரிய காரணமே இதுதான்.

2021 டிசம்பர்ல காரிடார் (கோயில்ல இருந்து கங்கை வரைக்கும் போட்ட அகல வழி) திறந்தப்புறம் லலிதா காட்ல படகுல இறங்கி நேரா கோயிலுக்கு ஏறலாம். இடம் விசாலமா ஆச்சு, வயசானவங்க நசுங்காம போகலாம், ஒத்துக்கறேன். பழைய சந்து, வீடுகள், அதுக்குள்ள இருந்த குட்டிக் கோயில்கள்னு ஒரு பகுதியே போயிடுச்சு, அது எனக்கு இன்னும் சரியா படல. அம்மா மூட்டுவலிய பாக்குறப்ப காரிடார் பக்கம் பேசுவேன், வீட்டுக்கு வந்து பழைய போட்டோ பாத்தா மாத்தி பேசுவேன்.

விசாலாட்சி கோயில மறக்காதீங்க, மீர் காட் பக்கம். நகரத்தார் பாத்துக்கிறது, நம்ம ஊர் மாதிரியே கோபுரம்.

10 நவம்பர்

"அழுக்கு"ன்னு சொன்ன நண்பருக்கு: ஆமா, அழுக்குதான். அஸ்ஸின்னு ஒரு ஆறு இருந்துச்சு, இப்ப அது சாக்கடை, கங்கைலதான் சேருது. வருணா ஆறும் அப்படித்தான். 1986ல கங்கை செயல் திட்டம் ஆரம்பிச்சாங்க, 2014ல நமாமி கங்கே வந்துச்சு, படிக்கட்டெல்லாம் இப்ப நிஜமாவே சுத்தமா இருக்கு, தண்ணிதான் கேள்வி.

சங்கட் மோசன் கோயில் மகந்த் (கோயில் தலைவர்) வீரபத்ர மிஸ்ரான்னு ஒருத்தர் இருந்தார், 2013ல காலமானார். தலைமுறை தலைமுறையா வந்த மகந்த் பதவி, அதே நேரம் பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்துல ஹைட்ராலிக்ஸ் பேராசிரியர். 1982ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, கங்கைத் தண்ணிய எடுத்து லேப்ல டெஸ்ட் பண்ணி இது குளிக்கவே லாயக்கில்லன்னு ஊருக்கு சொன்னவர், அதே தண்ணிலதான் தினம் காலைல முங்கினார். அழுக்குன்னு திட்டுறவங்க, கங்கைக்கு அழுக்கே ஒட்டாதும்பாங்க பாருங்க அவங்க, ரெண்டு பேரையும் விட எனக்கு அவர்மேலதான் நம்பிக்கை.

நாங்க படகுல எதிர்க்கரை மணல் திட்டுக்கு போய் அங்க குளிச்சோம். கூட்டம் இல்ல, ஆழம் இல்ல. ஆத்துக்குள்ள தள்ளிப் போகாதீங்க, மணல் சட்டுனு இறங்கும். தண்ணிய வாயில விடாம முங்குங்கன்னு அம்மாகிட்ட சொன்னேன், மூணு கை குடிச்சுட்டுத்தான் திரும்பிப் பாத்தாங்க. ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் லஸ்ஸி குடிச்சு வயிறு போச்சு.

13 நவம்பர்

இது சொந்தக் கதை, அவசரமா இருந்தா தாண்டிப் போங்க.

கேதார் காட்ல சிவப்பு வெள்ளை பட்டை அடிச்ச படிக்கட்டு. கோயில் சுவரும் அப்படியே, எங்க ஊர்க் கோயில் மதில் மாதிரி. அம்மா அங்க போய் உக்காந்தவங்க எழுந்திரிக்கவே மாட்டேன்னாங்க. கால பைரவர் பாக்கல, சாரநாத் பாக்கல, பாரத் மாதா கோயில் பாக்கலன்னு நான் லிஸ்ட் வச்சிட்டு அலையுறேன். அவங்க "நீயும் அத்தையும் போய்ட்டு வாங்க"ன்னுட்டாங்க. அத்தைக்கு எல்லாம் பாக்கணும், கறுப்புக் கயிறு கட்டணும், சேலை எடுக்கணும். அம்மாவுக்கு அந்தப் படி போதும்.

அங்க உக்காந்திருக்கப்பதான் கோயில் ஆளு ஒருத்தர் குமரகுருபரர் கதைய சொல்லிருக்காரு. அவர் ஸ்ரீவைகுண்டம், எங்க தாமிரபரணிக் கரை. 17ஆம் நூற்றாண்டுல இங்க வந்து மடம் கட்டினார். சிங்கத்து மேல ஏறி பாதுஷாவ பாக்கப் போனாருன்னு ஐதீகம், ஹிந்துஸ்தானி பேச்சு வரணும்னு சரஸ்வதிய பாடினாருன்னும் சொல்வாங்க. ஹிந்தி தெரியாதுன்னு பயப்படுற உங்களுக்கும் அதேதான், அவர் பாடின அந்த சகலகலாவல்லி மாலைய சொல்லிட்டு கிளம்புங்க.

கொஞ்சம் தெக்க அனுமான் காட் சந்துல பாரதி இருந்த வீடு. எட்டயபுரத்துல அப்பா செத்து, 1898ல அத்தை குப்பம்மாள் வீட்டுக்கு வந்த பையன். 1902 வரைக்கும் இருந்தார். தலைப்பாகையும் மீசையும் இங்க வந்ததுதான்னு சொல்வாங்க. இப்ப தமிழக அரசு அங்க ஒரு நினைவிடம் வச்சிருக்கு. ரெண்டு பேருமே எங்க பக்கத்து ஆளுங்க, ரெண்டு பேரும் காசில ஒரே கூப்பிடு தூரத்துல. சின்ன வயசுல பாடத்துல ரெண்டு பேரையும் தனித்தனியா படிச்சேன், அந்த சந்துல நடக்குறப்பதான் சேத்து யோசிச்சேன்.

அம்மா என்ன நினைச்சிட்டு அங்க உக்காந்திருந்தாங்கன்னு நான் கேக்கல. கேட்டிருந்தாலும் "சும்மாதான்"னு சொல்லிருப்பாங்க.

14 நவம்பர்

காசில எதையாவது விட்டுட்டு வரணும்ல, எத விடலாம்னு கேட்டவருக்கு. அது கயால சொல்றது, ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. நம்மாளுங்க காசியோட சேத்துட்டாங்க. அத்தை கயா போகாமலே விட்டது: பலாக்காய். ஜென்மத்துல அவங்க வீட்டுல சமைச்சதில்ல. அம்மா கோவத்த விட்டேன்னு சொன்னாங்க, ஸ்டேஷன்ல போர்ட்டர்கிட்டயே திருப்பி வாங்கிட்டாங்க.

17 நவம்பர்

கேட்ட தம்பி மார்ச்ல போறதா முடிவு பண்ணிட்டேன்னு சொல்லிருக்காரு, கன்னியாகுமரி - பனாரஸ் வண்டி, காசி தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸ், அது வாரத்துக்கு ஒரு தடவைதான். ரெண்டு நாளுக்கு மேல ஓடும், டிக்கெட் போடுறப்ப அம்மாவுக்கு கீழ் பெர்த் கிடைக்குதான்னு பாருங்க. பனாரஸ், வாரணாசி ஜங்ஷன், தீனதயாள் உபாத்யாயா (பழைய முகல்சராய்) மூணும் வேற வேற ஸ்டேஷன், திரும்பி வர்றப்ப ஆட்டோக்காரன்கிட்ட தெளிவா சொல்லுங்க.

பிரயாக் ஒரு நாள் கார்ல போய்ட்டு வாங்க. ராமேஸ்வரம் மண்ண எடுத்துட்டு போறதா இருந்தா அங்க சங்கமத்துலதான் கரைக்கணும். கங்கைத் தண்ணியும் அங்கயே எடுத்துக்கோங்க, காசில எடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்வாங்க, அங்க சாகுற புழு பூச்சிக்கும் மோட்சம், அத நாம சொம்புல அடைச்சு வெளிய கொண்டு வந்து கெடுத்துடக் கூடாதுன்னு. எனக்குப் பிடிச்ச நம்பிக்கை. காசிக் கடைல விக்கிற அடைச்ச சொம்புல எந்தத் தண்ணி இருக்குன்னு கேட்டா கடைக்காரர் சிரிக்கிறாரு.

சாரநாத் போனா வெள்ளிக்கிழமை போகாதீங்க, மியூசியம் லீவு, நாலு சிங்கத் தூணோட தலை அதுக்குள்ளதான் இருக்கு.